செம்புத்தோல் கூஜா

யூசுப் பாய் சுத்தியலைக் கையில் எடுத்ததுமே பட்டறையில் மெருகு போடுகிற பஃபு மிஷின் நின்றுவிட்டது. பெண்கள் நாலு பேரும் வந்து சுற்றி நின்றார்கள். பலகை மேல் ஒரு பூச்சாடி இருந்தது. முழ உயரம், மண்ணில் சுட்டு மேலே செம்பு ஏற்றினது. போன மாசம் இதே பட்டறையிலிருந்து முகம் பார்க்கிற வழவழப்போடு பெட்டிக்குள் போன சாடி. இப்போது கழுத்துக்குக் கீழே பச்சை பூத்து, செம்புத்தோல் கொப்புளம் கொப்புளமாக உப்பி, அம்மை போட்ட முகத்தோடு திரும்பி வந்திருந்தது.

"இதுக்கு மெழுகு வெச்சது யாருன்னு கேக்க மாட்டேன்" என்றார் பாய். "கேட்டு இன்னா ஆவப்போவுது? பாருங்க, அதுக்குத்தான் கூப்ட்டேன்."

ஒரே அடி. துத்தம் அரித்த செம்பு கிழிந்து சாடி நாலு சில்லாகப் பிளந்து விழுந்தது. அவர் ஒரு சில்லை எடுத்து உடைந்த பக்கத்தைக் காட்டினார். சுட்ட மண் என்றால் உள்ளே செங்கல் நிறத்தில் இருக்கணும். இது விரல் கனத்துக்கும் நீலமும் பச்சையுமாக ஊறி, அடிபட்ட சதை கன்றிப்போனது போல இருந்தது.

"மெழுகுல எங்கியோ ஊசி முனை அளவு ஓட்ட. அது போதும். மண்ணுக்கு ஒடம்பு பூரா வாயி. தொட்டித் தண்ணிய இழுத்துக் குடிச்சி வெச்சிக்கிச்சி. மேல செம்பு போட்டு மூடிட்டோம். உள்ள இருக்கறது எங்க போவும்? மெதுவா வெளிய வருது."

"கழுவிட்டா போயிடாதா பாய்?" என்று கேட்டாள் சனோபர். மெருகு போடுகிறவள்.

"கழுவறதா? நேத்து லீவுன்னு நான் சும்மா இல்ல. இதே மாதிரி ஒண்ண ஒடச்சி, அந்தச் சில்ல பத்து தண்ணி மாத்திக் கழுவினேன். புளி போட்டுத் தேச்சேன். இப்ப பாரு."

கண்ணாடிக் கிளாசில் நல்ல தண்ணீர் பிடித்து, நேற்றுக் கழுவி வைத்த சில்லை எடுத்து அதில் போட்டார். எல்லாரும் குனிந்தார்கள். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் சில்லின் ஓரத்திலிருந்து நூல் நூலாக நீலம் கிளம்பியது. ஊதுவத்திப் புகையைத் தலைகீழாகப் பார்த்த மாதிரி, நெளிந்து நெளிந்து இறங்கி, கிளாசின் அடியில் போய்ப் படிந்தது.

"அய்யே, பாம்பு மாதிரி வருதே" என்றாள் சனோபர்.

அருள்மொழியால் மட்டும் அந்தக் கிளாசிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"தொட்டியில இருக்கறது இன்னா? மயில்துத்தம். அதோட ஆசிட்டு" என்று பாய் சொல்லிக்கொண்டே போனார். "உள்ள போச்சின்னா கொடலு வெந்துடும்."

"பாய்" என்றாள் அருள்மொழி. "பாய், நான் ஒரு போன் பண்ணிட்டு வர்றேன்."

அருள்மொழி மரக்காணத்துக்காரி. பதினாறு வருசம் உப்பளத்தில் உப்பு வாரினவள். வாரி, கூடையில் அள்ளி, தலையில் சுமந்து, கொட்டிக் கொட்டிப் பாதம் இரண்டும் வெடித்துப் புண்ணாகிவிட்டது. அந்தப் புண்ணில் தினமும் உப்புத் தண்ணீர் ஏறும். ஒரு நாள் வரப்பில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. புருசன், பாவாடை என்று பேர், அவளை முதுகில் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் போட்டான். "இனிமே நீ அளத்துல கால வெச்சே, கால ஒடச்சிடுவேன்" என்றான். "அதான் ஏற்கெனவே ஒடஞ்சிதான கெடக்குது" என்றாள் இவள். அதற்கப்புறம்தான் இடையஞ்சாவடி ஓரத்தில் முந்திரித் தோப்புக்குள் இருக்கிற இந்த முலாம் பட்டறைக்கு வந்தாள். ரெண்டு வருசம் ஆகிறது. யூசுப் பாய் ஷார்ஜாவில் பன்னிரண்டு வருசம் குழாய்க்கும் கைப்பிடிக்கும் முலாம் போட்டுவிட்டு வந்தவர். இங்கே மண்ணுக்குப் போட்டார்.

இரும்புக்கு முலாம் போடுவது சுலபம், மண்ணுக்குப் போடுவதுதான் வித்தை என்பார் பாய். அருள்மொழிக்கு மெழுகு வேலை. சூளையிலிருந்து வருகிற சாடியை அடுப்பில் காயவைத்து ஈரம் போக்கணும். சூட்டோடு சூடாக உருக்கின மெழுகில் முக்கணும். முக்கினதும் மண்ணுக்குள்ளிருந்து புசுபுசு என்று காற்று குமிழி விடும். கடைசிக் குமிழி நிற்கிற வரைக்கும் எடுக்கக் கூடாது. உள்ளும் புறமும் மெழுகு குடித்த பிறகு, வெளிப்பக்கத்தை ஜீரோ பேப்பரில் தேய்த்துக் கரி மை பூசணும். கரி பூசினால்தான் மண் மேல் கரண்ட் ஓடும். அப்புறம் கம்பியில் கட்டி நீலத் தொட்டிக்குள் தொங்கவிட்டால், ஒரு ராத்திரி ஒரு பகலில் அட்டைக் கனத்துக்குச் செம்பு வந்து ஏறிக்கொள்ளும். எடுத்துத் தடவிப் பார்த்தால் வெண்ணெய். உப்பில் வெந்து மரத்துப்போன அவள் உள்ளங்கைக்கு அந்த வழவழப்பு தினமும் புதுசாக இருந்தது.

முந்திரி மரத்தடியில் நின்று பாவாடையின் நம்பரை அழுத்தினாள். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடியும் அழுத்தினாள். அவன் போன் எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சட்டைப் பையில், பிளாஸ்டிக் கவருக்குள், உப்பளத்துக் கொட்டாய்க் கொம்பில் சட்டையோடு தொங்கும். வேலை நேரத்தில் அளத்துக்காரர்கள் யாரும் போனைத் தொட மாட்டார்கள். ஒரு தரம் பாத்தியில் விழுந்தால் போன் செத்தது. அளத்தில் அவனோடு வேலை செய்கிற அந்தோணியம்மாளுக்கு அடித்தாள். சுவிட்ச் ஆஃப்.

மகளுக்கு அடித்தாள். திண்டிவனத்தில் காலேஜ் படிக்கிற சரண்யா முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அந்தக் கூஜா எங்கடி?"

"எந்தக் கூஜா?"

"செம்பு கூஜாடி! எங்க இருக்குது?"

"அப்பா எடுத்துனு போய்ட்டாரு. கத்தாதம்மா, நான் காலேஜுல இருக்கேன்."

"நீ அதுல குடிச்சியா?"

"எங்க வுட்டாரு? நேத்து சாயங்காலம் தண்ணி ரொப்பி வெச்சிட்டு, மொத மடக்கு நான்தான் குடிப்பேன், அதுவும் அளத்துல போயித்தான் குடிப்பேன்னு காவல் காத்தாரே, நீ பாக்கல? தொட்டா அடிக்க வர்றாரு. இன்னாமா ஆச்சி?"

"குடிக்கலியே? என் மேல ஆண?"

"இல்லன்றேன்ல."

அருள்மொழிக்குப் போன உயிர் பாதி வந்தது. மீதி வரவில்லை. "அப்பாவுக்குப் போன் அடிச்சிக்கினே இரு. எடுத்தாருன்னா அந்தத் தண்ணிய குடிக்காதன்னு சொல்லு. ஏன்னு இப்ப கேக்காத" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், பாய் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாம்மா? மூஞ்சி ஏன் வெளுத்துக் கெடக்குது?"

"ஊட்டுக்காரருக்கு ஒடம்பு முடியலியாம் பாய்." பொய் தானாக வாயில் வந்தது. "நான் போவணும்."

"பஸ்ஸுக்கு நின்னா பதினோரு மணி ஆயிடும். ஏறு, நான் கொண்டாந்து வுடறேன்."

ஈ.சி.ஆர் ரோட்டில் வண்டி வடக்கே பார்த்து ஓடியது. வலது பக்கம் சவுக்குத் தோப்பு, அதற்குப் பின்னால் கடல். காற்று முகத்தில் அறைந்தது. சித்திரை வெயில் ஒன்பதரைக்கே தாரில் பளபளத்தது. அருள்மொழி பின்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாவாடை எத்தனை மணிக்குப் பழையசோறு தின்பான் என்று கணக்குப் போட்டாள். விடியும் முன்னே பாத்தியில் இறங்குகிறவன் எட்டரைக்குத்தான் கரை ஏறுவான். சோற்றைத் தின்றுவிட்டு அண்ணாந்து தண்ணி குடிப்பான். எட்டரை எப்போதோ போய்விட்டது.

இந்தக் கூஜா யோசனை அவனுடையதுதான். அளத்தைச் சுற்றி எங்கே தோண்டினாலும் உப்பு. குடிக்கிற தண்ணீர் வீட்டிலிருந்து போகணும். பிளாஸ்டிக் கேனில் கொண்டுபோனால் பத்து மணிக்கெல்லாம் அதில் டீத்தூள் போடலாம். மண் கூஜாவில் கொண்டுபோனால் வரப்பு வழுக்கி உடையும். இந்த வருசம் மட்டும் மூணு உடைத்துவிட்டான். ஒரு நாள் சோற்றில் கை வைத்துக்கொண்டே கேட்டான்.

"உங்க பட்டறையில மண்ணு மேல செம்பு போடறீங்களே, ஒரு கூஜாவுக்குப் போட்டா இன்னா? உள்ள மண்ணு, ஜில்லுனு இருக்கும். வெளிய செம்பு, வுழுந்தாலும் ஒடையாது. யாருக்காச்சும் தோணிச்சா இது?"

"உனக்குத்தான் தோணுச்சே, அதான் ஒலகம் தப்பிச்சிது" என்றாள் இவள். ஆனால் மனசில் வைத்துக்கொண்டாள். புதுசாக ஒரு மண் கூஜா வாங்கிப் பட்டறைக்குக் கொண்டுபோய், இதையும் ஒரு ஓரமாகத் தொங்கவிட்டுக்கொள்ளட்டுமா என்று பாயிடம் கேட்டாள். பூ வைக்கவா என்றார் பாய். ஆமாம் என்று தலையாட்டினாள்.

அங்கேதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். உள்ளே மெழுகு வைத்தால் மண்ணுக்கு மூச்சு அடைத்துவிடும், தண்ணீர் குளிராது, மெழுகு நாற்றம் வேறு அடிக்கும். மண் கூஜாத் தண்ணீர் என்றால் மண் மணக்க வேணாமா? அதனால் வெளிப்பக்கம் மட்டும் மெழுகு தடவினாள். வாயில் மெழுகுத் துணியை உருட்டி அடைத்தாள். தொட்டியில் தொங்கவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் எடுத்தபோது அடைப்பு ஒரு பக்கம் நெகிழ்ந்து, வயிற்றுக்குள்ளே ஒரு கை நீலத் தண்ணீர் கிடந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கொட்டினாள். வீட்டில் போய் எட்டு தண்ணி ஊற்றி அலசினாள், புளி போட்டுத் தேய்த்தாள், ஞாயிறு பகல் பூரா வெயிலில் கவிழ்த்து வைத்தாள். பாத்திரத்தை அதற்கு மேல் ஒருத்தி எப்படிக் கழுவுவாள்?

பாவாடை அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். செம்பில் அவன் முகம் தெரிந்தது. "ஏய், நான் இவ்ளோ செவப்பாடி? இத்தினி வருசம் சொல்லவே இல்ல நீ" என்றான்.

வழியில் அனுமந்தை ஊரைத் தாண்டினதும் அருள்மொழியால் அடக்க முடியவில்லை.

"பாய், வண்டிய நிறுத்தாதீங்க. நிறுத்தாம கேளுங்க. அவருக்கு ஒடம்பு முடியலன்னு யாரும் சொல்லல. நான் பொய் சொன்னேன். அந்தக் கூஜாவுக்கு உள்ள நான் மெழுகு வெக்கல. பூ வெக்கல, தண்ணி ரொப்பிக் குடுத்தேன். காலையில அளத்துக்கு எடுத்துனு போயிருக்காரு."

பாயின் முதுகு விறைத்தது.

"ஏம்மா வெக்கல?"

"தண்ணி குளிராதுன்னுதான் பாய். மண்ணு மூச்சு வுடணுமே."

"வெளிய செம்புச் சட்ட போட்டு மூடினப்புறம் மண்ணு எங்கம்மா மூச்சு வுடும்?"

அந்த ஒரு கேள்வியை அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கலாம். அத்தனை நாள் மெழுகுச் சட்டி முன்னால் உட்கார்ந்து அது தோன்றவில்லை.

"அவரு கிளாசுல ஊத்திக் குடிப்பாரா, அண்ணாந்து குடிப்பாரா?"

"அண்ணாந்துதான்."

"யா அல்லா. கிளாசுன்னா நெறம் காட்டிக் குடுத்திருக்கும்." வண்டி இன்னும் வேகம் எடுத்தது. "பயப்படாத. துத்தம் வாயில வெச்சாலே கரிக்கும். தூன்னு துப்பிடுவாரு."

அருள்மொழி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். துப்பிடுவார். கரிக்கும், துப்பிடுவார். ஒரு கிலோமீட்டர் தூரம் அதுவே தாங்கியது. அப்புறம் அதுவும் கையை விட்டது. உதட்டில் உப்பு, மீசையில் உப்பு, மூச்சில் உப்பு. வாயில் கரிப்பு இல்லாமல் பாவாடை என்றைக்குத் தண்ணி குடித்தான்?

"நூத்தியெட்டுக்குப் போன் போடு" என்றார் பாய். "ஒண்ணும் இல்லன்னா திருப்பி அனுப்பிக்கலாம்."

அளம் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. கண்ணுக்கு எட்டின வரைக்கும் பாத்தி, வரப்பு, உப்புக் குவியல். நடுவில் ஒரு ஓலைக் கொட்டாய். வண்டி கரையோடு நின்றுவிட்டது. அருள்மொழி செருப்பைக் கழற்றி வீசிவிட்டு வரப்பில் ஓடினாள். ரெண்டு வருசமாக ஆறியிருந்த பாதத்தில் உப்புக்கல் ஏறியது. அது வலித்ததா என்றுகூட அவளுக்கு அப்புறம் ஞாபகம் இல்லை.

கொட்டாய்க்கு இருபது தப்படி இருக்கும்போது அதைப் பார்த்தாள். வரப்போரம், வாரிப்போட்ட வெள்ளை உப்பின் மேல், யாரோ சாயத்தைக் கொட்டினது போல ஒரு திட்டு. நீலமும் பச்சையும். நடுவில் சோற்றுப் பருக்கை.

நின்றுவிட்டாள். திரும்பி ஓடிவிடலாமா என்று ஒரு நிமிசம் தோன்றியது. அதை அவள் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை.

கொட்டாய்க்குள் ஏழெட்டுப் பேர் குனிந்து நின்றார்கள். அந்தோணியம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் பாவாடையின் தலை. உதடு வெந்த மாதிரி இருந்தது. கண் பாதி மூடியிருந்தது. கூட வேலை செய்கிற கலியபெருமாள் ஒரு கையால் அவன் தாடையைப் பிடித்து, மறு கையால் கூஜாவைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"வெயிலு அடிச்சிட்டுதுப்பா உனுக்கு. ஆங், குடி. இன்னும் ரெண்டு மடக்கு குடி. ஜில்லுனு உள்ள போனா சரியாப் பூடும்."

"குடுக்காதீங்க!"

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அருள்மொழிக்குத் தெரியவில்லை. பாய்ந்து கூஜாவைப் பிடுங்கினாள். பிடுங்கி, தலைக்கு மேலே தூக்கி, பலம் கொண்ட மட்டும் தரையில் அடித்தாள்.

கூஜா உடையவில்லை. ணங் என்று ஒரு சத்தம். ஒரு பக்கம் நசுங்கி, உருண்டு, கொட்டாய்க்கு வெளியே போய் உப்பின் மேல் கிடந்தது. அவன் கேட்ட மாதிரியே. வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது. வெள்ளை உப்பில் அது இறங்க இறங்க எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தண்ணீர் நீலமாக இருந்தது.

"இன்னா அருளு இது?" என்றாள் அந்தோணியம்மாள். "தண்ணிக்கு இன்னா?"

"எத்தினி தரம் குடுத்தீங்க அவருக்கு?"

"எட்டரைக்கு சோறு துன்னுட்டு குடிச்சாரு. வயிறு பெரட்டுதுன்னாரு. வெயிலுதான்னு நெழல்ல படுக்க வெச்சி இதத்தான் குடுத்தோம். வாந்தி எடுத்தாரு. திருப்பியும் குடுத்தோம். ஏன்டி? ஏன் அழுவற?"

அருள்மொழி பாவாடையின் முகத்தைப் பார்த்தாள். அவனைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். வெயில்தான் என்று எல்லாரும் நம்புகிறார்கள். நம்பிக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிடலாம். அப்படி நினைக்கும்போதே அவள் கண் அந்தோணியம்மாளின் உதட்டுக்குப் போனது.

"யாரெல்லாம் இதுல குடிச்சீங்க?"

கலியபெருமாள் கூஜா கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லுங்களேன்! இந்தக் கூஜாவுல யார் யார் குடிச்சீங்க?"

"நான் ரெண்டு மடக்கு குடிச்சேன்" என்றார் கலியபெருமாள் மெதுவாக. "செம்புல தண்ணி குடிச்சா நல்லதுன்னு டிவியில சொல்றானே. கொஞ்சம் கரிச்சிது. அளத்துல எதுதான் கரிக்கல?"

"நானும்" என்றாள் அந்தோணியம்மாள். அவள் குரல் மாறியிருந்தது. பின்னால் வினோதினி என்கிற பெண் கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி தூக்கினாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு கை. எல்லாக் கையும் உப்பு ஒட்டின கை. அருள்மொழி எண்ணினாள். பாவாடையோடு ஐந்து.

"அதுல வெசம் இருக்குது" என்றாள். "துத்தம். பட்டறைத் தொட்டித் தண்ணி மண்ணுல ஊறிக் கெடக்குது. நான்தான் கழுவிட்டேன்னு நெனச்சிக் குடுத்தேன். எல்லாரும் ஆஸ்பத்திரிக்கி வாங்க. ஒருத்தரும் ஊட்டுக்குப் போவாதீங்க."

வினோதினிக்கு அந்த நிமிசமே வாந்தி வந்தது. பயத்தில் வந்ததா, துத்தத்தில் வந்ததா, யாருக்குத் தெரியும். அந்தோணியம்மாள் பாவாடையின் தலையை மடியிலிருந்து இறக்கவில்லை. ஆனால் அருள்மொழியைப் பார்க்கவும் இல்லை. "அடிப்பாவி" என்று மட்டும் சொன்னாள். திட்டினது போலவும் இல்லை.

யூசுப் பாய் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். கலியபெருமாளும் அவருமாகப் பாவாடையைத் தூக்கினார்கள். அன்றைக்கு அவளை அவன் முதுகில் சுமந்துபோன அதே வரப்பு. கரையில் நூத்தியெட்டு வண்டியின் சத்தம் கேட்டது.

பாண்டி பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சின்னப் பெண். கேட்டதை எல்லாம் எழுதிக்கொண்டாள். எத்தனை மணிக்கு, எவ்வளவு, தானாகக் குடித்தாரா, யாராவது கொடுத்தார்களா. மற்ற நாலு பேருக்கும் ஊசி போட்டு, சலைன் ஏற்றி, மறுநாள் வீட்டுக்கு அனுப்பலாம் என்றாள். பாவாடைக்கு அப்படிச் சொல்லவில்லை.

"உடனே வந்தது நல்லது. ஆனா கிட்னி தாங்குதான்னு மூணு நாள் பாக்கணும். இந்தப் பையில யூரின் எவ்ளோ எறங்குது, இன்னா கலர்ல எறங்குதுன்னு பாத்துக்கினே இருங்க. கலர் மாறினா, நின்னு போனா, சிஸ்டர கூப்புடுங்க."

சாயங்காலம் போலீஸ்காரர் வந்தார். விசக்கேஸ் என்றால் வரத்தான் செய்வார்களாம். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அருள்மொழியை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் குடுத்தியா?"

"நான்தான் சார்."

"ஊட்டுல சண்டையா?"

"இல்ல சார்."

"குடிப்பாரா? அடிப்பாரா? சொல்லும்மா, எங்களுக்குத் தெரியாததா."

மண் மூச்சு விடணும் என்று நினைத்தேன் என்று இவரிடம் எப்படிச் சொல்வது? அதை நோட்டில் எப்படி எழுதுவார்? புருசனுக்கு விசம் கொடுத்தவள் என்று நாளைக்கு மரக்காணம் பூராவும் பேசும். காலேஜிலிருந்து ஓடி வந்த சரண்யா வாசல் ஓரம் நின்று அம்மாவையும் அப்பாவையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. பெற்ற மகளுக்கே ஒரு கண நேரம் அது வந்து போனதை அருள்மொழி பார்த்துவிட்டாள்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. தொண்டை வெந்த குரல்.

"தண்ணிதான் சார் குடுத்தா. நான்தான் கேட்டேன். ஜில்லுனு வேணும்னு நான்தான் கேட்டேன்."

போலீஸ்காரர் நோட்டை மூடினார். அப்புறம் யூசுப் பாயைக் கூப்பிட்டு வெளியே போனார். பாய் திரும்பி வந்தபோது சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் அருளு. எழுதிக்கினாரு. நாளைக்குப் பட்டறைக்கி வர்றாராம்." கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ரெண்டு வருசமா உங்ககிட்ட வழவழன்னு வரணும், புள்ளி இல்லாம வரணும், அத்தத்தான் சொல்லியிருக்கேன். தொட்டியில இருக்கறது வெசம்னு இன்னிக்குத்தான் சொல்றேன். சில்ல ஒடச்சிக் காட்டணும்னு எனுக்கு சனிக்கெழமையே தோணியிருந்தா..."

முடிக்கவில்லை. போய்விட்டார்.

அருள்மொழி கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தாள். பை கண்ணுக்கு நேராகத் தொங்கியது. மூணு நாள் அதைத்தான் பார்த்தாள். மஞ்சளாகச் சொட்டுகிறதா, பழுப்பாகச் சொட்டுகிறதா. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் அவள் மூச்சு நிற்கும். ரெண்டாம் நாள் காலையில் பை டீத் தண்ணி நிறத்துக்கு வந்தது. சிஸ்டரைக் கூப்பிட ஓடி, கதவில் இடித்துக்கொண்டாள். டாக்டர் வந்தாள், ரத்தம் எடுத்தாள், சலைனை மாற்றினாள். சாயங்காலம் வரைக்கும் அதே நிறம். அந்தப் பகல் பூரா அருள்மொழி சோறு தின்னவில்லை. சரண்யா டீ வாங்கி வந்தாள். கிளாசுக்குள் அதே நிறத்தைப் பார்த்ததும் தள்ளி வைத்துவிட்டாள்.

மூணாம் நாள் விடியலில் வெளுக்க ஆரம்பித்தது. பத்து மணிக்கு டாக்டர் வந்து பையைப் பார்த்தாள், பேப்பரைப் பார்த்தாள். "கிட்னி தாங்கிக்கிச்சி" என்றாள். "இன்னும் ஒரு வாரம் வெச்சிப் பாக்கணும். வாயில தண்ணி குடுக்கலாம். கொஞ்சம் கொஞ்சமா."

அருள்மொழி சரண்யாவை அனுப்பி மூடி உடைக்காத தண்ணீர் பாட்டில் வாங்கி வரச் சொன்னாள். ஆஸ்பத்திரி கேண்டீனில் கெஞ்சி ஒரு கண்ணாடிக் கிளாசும் வாங்கி வரச் சொன்னாள். ஸ்டீல் வேண்டாம், கண்ணாடிதான் வேண்டும் என்றாள். பாட்டிலை அவளே திறந்து கிளாசில் ஊற்றினாள். ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், திருப்பி அந்தப் பக்கம் பார்த்தாள். அடியில் ஏதாவது படிகிறதா என்று நின்று பார்த்தாள்.

"குடுடி" என்றான் பாவாடை. "தொண்ட காயுது."

அவள் கிளாசைத் தன் வாயில் வைத்து ஒரு மடக்கு குடித்தாள்.

"ஏய், மொத மடக்கு எனுக்குன்னு சொன்னேன்ல?"

"இனிமே இல்ல."

"சரி, குடிச்சிட்டல்ல. குடு."

"இரு."

சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் நீட்டின கை அப்படியே காற்றில் நின்றது. அருள்மொழி கிளாசை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தன் வயிற்றுக்குள் ஏதாவது புரளுகிறதா என்று கவனித்துக்கொண்டு, ஜன்னலோரமாகவே நின்றாள்.